மதுரை – டொராண்டோ: வானத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு?

உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாவைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ளப் போகிற ஒருவரின் கேள்வி இது. மதுரைக்கும் டொராண்டோவுக்கும் 13,650 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 15 மணி 40 நிமிடம் என்று இணையக் கணக்கில் வருகிறது. டிக்கெட் தேடினால் டெல்லி வழியாக 23 மணி நேரம், சென்னை – லண்டன் வழியாக 31 மணி நேரம் என்று காட்டுகிறது. இதில் எது சரி? அம்மாவுக்கு 68 வயது, தனியாக வருகிறார், எதை எடுக்கலாம்?

மூன்றுமே சரிதான். முதல் எண் இல்லாத ஒரு விமானத்தின் நேரம். மற்ற இரண்டும் உங்கள் அம்மா உண்மையில் செலவிடப்போகும் நேரம். அந்த 15 மணி 40 நிமிடம் எப்படி வந்தது தெரியுமா? தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் கூட்டினால் அவ்வளவுதான் வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நாடு வான்வழியை மூடி வைத்திருக்கிறது, மதுரையில் அவ்வளவு பெரிய விமானம் ஏற முடியுமா என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது.

தூரத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் சுவாரஸ்யமான பகுதி. மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9.8 பாகையிலும் கிழக்கு தீர்க்கரேகை 78.1 பாகையிலும் இருக்கிறது. டொராண்டோ பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.7, மேற்கு 79.6. அதாவது தீர்க்கரேகையில் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 158 பாகை. பூமியின் அந்தப் பக்கம் என்றால் 180 பாகை, ஆகவே டொராண்டோ நமக்கு ஏறக்குறைய நேர் மறுபக்கம்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் மதுரையையும் டொராண்டோவையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது அரபிக்கடல், ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக் என்று போகும். விமானம் அப்படிப் போகாது. மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மீனாட்சியம்மன் கோயிலை வடதுருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, வெளி வீதி. இவை அட்சரேகைகள். கீழமாசி வீதியில் நிற்கும் ஒருவர் மேலமாசி வீதிக்குப் போக வேண்டும். மாசி வீதியிலேயே சுற்றிக்கொண்டு போனால் கால் ஓய்ந்துவிடும். கோயில் பக்கமாக உள்ளே நுழைந்து சித்திரை வீதியைத் தொட்டு வெளியே வந்தால் தூரம் நன்றாகக் குறையும். எதிர்ப்பக்கம் போக வேண்டியவருக்கு நடுவை ஒட்டிப் போவதே குறுக்கு வழி. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊரிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், நூல் தானாகவே வடக்கே ஏறும்.

அந்த நூல் போகும் பாதை இப்படி இருக்கும். மதுரையிலிருந்து வடக்கே, லேசாக மேற்கு சாய்ந்து கிளம்பும். மகாராஷ்டிராவில் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) பக்கம், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம், பிறகு பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா. ரஷ்யாவுக்குள் நுழைந்து வெண்கடல் வழியாக நார்வேயின் வடபகுதியைக் கடந்து கடலுக்கு வரும். அங்கே 71 பாகை அட்சரேகை வரை ஏறிவிடும், அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் உள்ளே. அதன்பின் கிரீன்லாந்தைக் கடந்து கியூபெக் வழியாகத் தெற்கு நோக்கி டொராண்டோவுக்கு இறங்கும். மாசி மாத வெயிலில் மதுரையில் ஏறியவர் ஐந்தாறு மணி நேரத்தில் ரஷ்யப் பனிக்கு மேலே இருப்பார், அப்படி ஒரு விமானம் இருந்தால்.

13,650 கிலோமீட்டர் என்பது 8,480 மைல். விமானிகள் பேசும் கடல் மைலில் 7,370. ஓரிடத்தில் 8,480 என்றும் இன்னோரிடத்தில் 7,370 என்றும் பார்த்துவிட்டு ஏதோ ஒன்று பொய் என்று நினைப்பவர்கள் உண்டு. அலகுதான் வேறு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், பூமியின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பூமி நடுவில் கொஞ்சம் பருத்த உருண்டை, சில கணக்குகள் அதையும் சேர்க்கும், சில சேர்க்காது.

சரி, மதுரையிலிருந்து நேரே ஒரு விமானம் ஏன் இல்லை? இவ்வளவு தூரம் பறக்கும் விமானங்கள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் சுமார் 15,300 கிலோமீட்டரை நிற்காமல் பறக்கிறது. இங்கே முதல் தடை ஓடுதளம். மதுரையில் அது 7,500 அடி, சுமார் 2,285 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானங்களுக்கு இது போதும். டொராண்டோ வரைக்கும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு ஏறும் ஒரு போயிங் 777 முந்நூறு டன்னைத் தாண்டிய எடை, மதுரை வெப்பத்தில் அதற்கு இந்த ஓடுதளம் பற்றாது. ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டும் திட்டமும் அதற்கான நில எடுப்பும் வருடக்கணக்காக நம் ஊர்ப் பேச்சில் இருப்பவைதான். ஆனால் நீட்டிவிட்டால் மட்டும் டொராண்டோ விமானம் வந்துவிடாது. வாரத்துக்கு மூன்று நாளாவது முந்நூறு இருக்கையை நிரப்ப ஆள் வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி எல்லாவற்றையும் சேர்த்தாலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும்தான் அந்த அளவு கூட்டம்.

ஆக, எங்காவது ஒரு ஊரில் மாறித்தான் ஆக வேண்டும். மாறுவதால் தூரம் ரொம்பக் கூடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். மதுரை – டெல்லி 2,085 கிலோமீட்டர், டெல்லி – டொராண்டோ 11,640. கூட்டினால் 13,725. நேர்வழியைவிட 75 கிலோமீட்டர்தான் அதிகம், மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற தூரம்கூட இல்லை. காரணம் மேலே சொன்ன நூல்தான், டெல்லி அந்த நூலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துபாய் வழியாகப் போனால் 2,950 கூட்டல் 11,080, சுமார் 14,030. சென்னை – லண்டன் வழி 14,350. கொழும்பு – லண்டன் வழி கிட்டத்தட்ட 14,770. கிழக்கே சிங்கப்பூர் போய்ப் பசிபிக்கைத் தாண்டுவதுதான் உண்மையிலேயே சுற்று, அது 18,000 கிலோமீட்டரைத் தாண்டும். அதை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெல்லி வழிக்கும் லண்டன் வழிக்கும் தூர வித்தியாசம் 630 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்துக்கு அது முக்கால் மணி நேர வேலை. டிக்கெட் வித்தியாசமோ எட்டு மணி நேரம். பிரித்துப் பார்த்தால் தெரியும்: டெல்லி வழியில் வானத்தில் 3 மணி நேரமும் பதினைந்தரை மணி நேரமும், தரையில் காத்திருப்பு நாலரை. லண்டன் வழியில் சென்னைக்கு ஒன்றேகால், லண்டனுக்கு 11, டொராண்டோவுக்கு 8, ஆக வானத்தில் இருபதே கால். மீதிப் பத்தேமுக்கால் மணி நேரம் சென்னையிலும் லண்டனிலும் நாற்காலியில். பயண நேரம் கூடுவது பெரும்பாலும் பூமியில்தான். டிக்கெட் வாங்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், இடையில் எத்தனை முறை இறங்குகிறார், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள்.

வான நேரமும் நிலையானது இல்லை. இரண்டு விஷயம் அதை ஆட்டிவைக்கும்.

ஒன்று அரசியல். 2019 பிப்ரவரி இறுதியில் பாலாகோட்டில் இந்தியா நடத்திய விமானத் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடி, ஜூலை மாதம்தான் முழுதாகத் திறந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியில் ஏறும் இந்திய விமானம் அப்போது நேர் வடமேற்கே போக முடியாது. தெற்கே குஜராத் பக்கம் போய் அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டும். எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படுவதால் சில வட அமெரிக்க விமானங்கள் ஐரோப்பாவில் ஒருமுறை இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. ரஷ்யா இன்னொரு கதை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களைத் தடுத்தன, பதிலுக்கு ரஷ்யா அவர்களுடைய விமானங்களைத் தடுத்தது. இந்திய விமானங்களுக்கும் வளைகுடா விமானங்களுக்கும் அந்தத் தடை இல்லை. அதே இரண்டு ஊருக்கு இடையே இரண்டு கம்பெனியின் நேரம் ஒரு மணி, ஒன்றரை மணி வேறுபடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பழைய நேரத்தை நம்பாமல், பயணத் தேதிக்கு டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 இந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் வழி. அதே காற்று எதிரே போகிறவருக்கு இழுவை. அதனால்தான் டொராண்டோவிலிருந்து இந்தியா திரும்புவது போவதைவிடக் குறைந்த நேரம் எடுக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே குறையும் நாட்கள் உண்டு. அம்மா திரும்பி வரும்போது நேரம் குறைவாக இருப்பதைப் பார்த்து வேறு விமானமோ என்று குழம்ப வேண்டாம்.

வடக்கே இவ்வளவு ஏறும் வழியில் குளிரும் ஒரு கணக்கு. வெளியே மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் சாதாரணம். இந்தியாவில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47ல் உறையத் தொடங்கும், அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ மைனஸ் 40லேயே. இறக்கைத் தொட்டியில் வெப்பம் அந்த எல்லையை நெருங்கினால் விமானி கொஞ்சம் கீழே இறங்குவார் அல்லது வேகத்தைக் கூட்டுவார். பயணிகளுக்கு இது தெரியவே தெரியாது, பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது கடிகாரம். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊர் நேரம். குளிர்காலத்தில் டொராண்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் ஒன்பதரை மணி நேரம். (மதுரைக்கும் டொராண்டோவுக்கும் சூரியக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 158 பாகையை மணிக்கு 15 பாகை வீதம் வகுத்தால் பத்தரை மணி நேரம். குளிர்காலக் கடிகாரம் சூரியனோடு அப்படியே பொருந்துகிறது.) ஜூன் மாதம் டெல்லியில் அதிகாலை 2 மணிக்கு ஏறி அதே நாள் காலை 8 மணிக்கு டொராண்டோவில் இறங்குவதாக டிக்கெட் சொன்னால், அது ஆறு மணி நேரப் பயணம் இல்லை. ஆறோடு ஒன்பதரையைக் கூட்டுங்கள், பதினைந்தரை. திரும்பும்போது ஒன்பதரையைக் கழிக்க வேண்டும், அப்போது தேதியும் ஒன்று கூடியிருக்கும். அம்மாவை மதுரையில் அழைத்துப்போக வரும் உறவினரிடம் தேதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரவு 12 மணிக்கு மேல் புறப்படும் விமானம் என்றால் முந்தின நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இந்தத் தப்பில் விமானத்தை விட்டவர்கள் நிறைய.

மாத்திரைக்கும் இந்தக் கணக்கு தேவை. அம்மாவுக்குச் சர்க்கரைக்கு ஊசியோ இரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால், இந்தப் பயண நாளில் எத்தனை மணிக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தெல்லாம் கைப்பையில், லக்கேஜில் வேண்டாம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 23 மணி நேர டிக்கெட் முதல் பார்வைக்கு நல்லது, ஆனால் ஒன்றைப் பாருங்கள்: மதுரை – டெல்லியும் டெல்லி – டொராண்டோவும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கிறதா? மலிவாகக் காட்டும் தளங்கள் சில நேரம் இரண்டு கம்பெனியின் தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்து ஒன்றாகக் காட்டும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டிக்கு மதுரையிலேயே டொராண்டோ வரைக்கும் சீட்டு ஒட்டுவார்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியது கம்பெனி. தனித்தனி என்றால் டெல்லியில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். டெர்மினல் 1ல் இறங்கி டெர்மினல் 3க்குப் போக வேண்டி வந்தால் நடக்கிற தூரம் இல்லை, பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். இந்தி தெரியாத 68 வயது அம்மா நடு ராத்திரியில் தனியாக இதைச் செய்வது முடியாத காரியம் இல்லை, ஆனால் நான் அனுப்ப மாட்டேன்.

டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதி என்றால் டெல்லியில் காலை மூடுபனி. விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் நாலரை மணி நேரக் காத்திருப்பு போதாது, ஏழெட்டு மணி நேரம் விட்டு எடுங்கள்.

வளைகுடா வழிக்கு ஒரு நன்மை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. மதுரையிலிருந்தே வெளிநாட்டு விமானம் ஏறினால் இமிகிரேஷன் மதுரையிலேயே முடிந்துவிடும். தமிழில் கேள்வி, தமிழில் பதில். அதன்பின் வெளிநாட்டு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய், சிங்கப்பூர், அபுதாபி என்று வெவ்வேறு காலத்தில் விமானங்கள் ஓடியிருக்கின்றன, அட்டவணை சீசனுக்குச் சீசன் மாறும். மதுரையில் கிடைக்காவிட்டால் திருச்சியைப் பாருங்கள், உசிலம்பட்டியிலிருந்து காரில் மூன்று மூன்றரை மணி நேரம், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அங்கே விமானங்கள் அதிகம். அமெரிக்கா வழியாக மாறும் டிக்கெட் மலிவாக வந்தால் தொடாதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும், கனடா விசா போதாது.

திரும்பி வரும்போது இந்த நன்மை இன்னும் தெளிவாகத் தெரியும். டெல்லி வழியாக வந்தால் டெல்லியில் இமிகிரேஷன், பொதுவாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் முடித்து உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும். அதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும்.

ஆகவே என் தேர்வு இது. மதுரையிலோ திருச்சியிலோ ஏறி ஒரே ஒரு இடத்தில் மாறும் ஒரே பிஎன்ஆர் டிக்கெட், காத்திருப்பு மூன்றரையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள். அப்படி வளைகுடா வழியில் கிடைத்தால் அதுவே முதல், இல்லாவிட்டால் ஒரே பிஎன்ஆராக இருக்கும் பட்சத்தில் உங்கள் 23 மணி நேர டெல்லி டிக்கெட். 31 மணி நேர டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அம்மாவுக்கு வேண்டாம், இரண்டு மாற்றம். உங்களுக்குத் தனியாகப் பயணம் என்றால் அதையே எடுத்துக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், அம்மா நன்றாக நடப்பவராக இருந்தாலும். அதைத் தள்ளிக்கொண்டு வருபவர் பாதுகாப்புச் சோதனை, இமிகிரேஷன், அடுத்த விமானத்தின் வாசல் வரைக்கும் கூடவே வருவார். வழி தெரியாத ஊரில் அதுதான் பெரிய உதவி. சைவச் சாப்பாடு என்றால் ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே பதிய வேண்டும். உங்கள் டொராண்டோ முகவரியையும் போன் நம்பரையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பியர்சனில் இறங்கியதும் அதிகாரி முதலில் கேட்பது யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றுதான்.